417-ஆம் எண் கன்று

படகு கரை தட்டும்வரை டெல்ஃபின் கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. பதினான்கு படங்கள், எல்லாம் ஒரே கன்றுடையவை. சிங்கப்பூரில் இவனிடம் மரம் வாங்குகிற கப்பல் கம்பெனியின் ஆள் அவற்றை மாத வரிசையில் ஒட்டி, கீழே ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தான். உங்கள் 417 ஏன் வளரவே இல்லை? கேள்வியில் கோபம் இல்லை. அதுதான் சிக்கல். கோபமாகக் கேட்டிருந்தால் இவனும் பதிலுக்குக் கோபப்பட்டு எப்படியாவது ஒப்பேற்றியிருப்பான்.

முதல் மாதப் படத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு குச்சி, உச்சியில் நான்கு இலைகள். பதினான்காம் மாதப் படத்திலும் முழங்கால் உயரம், நான்கு இலைகள். கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் கன்று இதற்குள் இடுப்பைத் தொட்டிருக்க வேண்டும். உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. ஜூன் மாதத்தில் இடப்பக்கம் சாய்ந்திருந்த குச்சி ஜூலையில் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இந்தப் படங்கள் மாதாமாதம் இவனுக்கும் வந்தவைதான். ஆனால் இவன் பார்த்தது படங்களை அல்ல, வரைபடத்தில் இருந்த புள்ளிகளை. ஒன்பதாயிரம் கன்றுக்கும் ஒன்பதாயிரம் பச்சைப் புள்ளிகள். புள்ளி பச்சையாக இருக்கும்போது யார் படத்தைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

டெல்ஃபின் அபுயனுக்கு நாற்பத்தொரு வயது. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் ஒரு வங்கிக்குப் பன்னிரண்டு வருடம் மென்பொருள் எழுதிவிட்டு சொந்த ஊரான இலோய்லோவுக்குத் திரும்பி வந்து, தங்கை டெட்டாவைச் சேர்த்துக்கொண்டு இந்தக் கம்பெனியைத் தொடங்கினான். நட்ட மரத்தை யாரும் பொய் சொல்ல முடியாதபடி செய்வது என்பதுதான் அவன் யோசனை. ஒவ்வொரு கன்றுக்கும் எண் போட்ட ஒரு வில்லை. நட்டவள் மாதம் ஒருமுறை அதன் முன் நின்று படமெடுத்து 'உயிருடன்' என்று அமுக்க வேண்டும். அது பிளாக்செயினில் பதிவாகும். உலகத்தின் ஆயிரம் கணினிகளில் ஒரே நேரத்தில் ஏறிவிடும் எழுத்து அது. எழுதியவன் கூட அழிக்க முடியாது. புகை விட்டு ஓடும் கப்பல்காரர்கள் அந்தப் பதிவை நம்பி, தங்கள் புகைக்கு ஈடாக மரத்துக்குப் பணம் கொடுப்பார்கள். மேடைகளில் இதைச் சொல்லும்போது டெல்ஃபினுக்கு நிஜமாகவே குரல் தழுதழுக்கும். அவன் ஏமாற்றுக்காரன் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கன்று நட்ட இந்தக் கடலோரக் கிராமத்துப் பெண்களிடம் முதல் கூட்டத்தில் விளக்கியபோது அவனுக்கே சட்டென்று ஒரு உவமை கிடைத்தது. "நம்ம பங்குல ஞானஸ்நானப் பதிவேடு இருக்குல்ல? அதுல ஒரு பேரு ஏறிட்டா பிஷப்பே வந்தாலும் அழிக்க முடியுமா? அதே மாதிரிதான் இது." எல்லாருக்கும் புரிந்துவிட்டது. மானாங், அதாவது அக்கா, என்று எல்லாரும் கூப்பிடும் சபேல் மட்டும் கையைத் தூக்கினாள். முப்பத்தொரு பெண்கள் கொண்ட சங்கத்துக்கு அவள்தான் தலைவி. "சார், நீங்க காட்டுற இடம் கடற்புல்லு மொளைச்ச சேறு. அங்கதான் நாங்க சிப்பி பொறுக்குவோம். கண்டல் அங்க நின்னு நான் பாத்ததில்லையே." டெல்ஃபின் சிரித்துக்கொண்டே டிரோன் எடுத்த வரைபடத்தைத் திரையில் போட்டான். தட்டையான, யாருக்கும் பட்டா இல்லாத, கோடு போட்ட மாதிரி நேராக நடக்கூடிய இடம். அந்த நேரம் பார்த்து முழுப் பன்றி வறுவல் வந்து இறங்கியது. சபேல் புருவத்தை உயர்த்தினாள். அவள் ஊரில் அதற்குச் சரி என்று பொருள். கூட்டம் முடிந்தது.

417 அவனே தன் கையால் நட்டது; மாதாமாதம் படமெடுத்து அமுக்கும் பொறுப்பு மட்டும் சபேலுடையது. தொடைவரை சேற்றில் இறங்கி, ஒரு செருப்பைப் பறிகொடுத்து, சிரித்தபடி நிற்கும் அந்தப் படம் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வந்தது.

கரையில் எல்லாரும் கூரைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வருடத்தின் பத்தொன்பதாவது புயல் கிழக்கே உருவாகி நேராக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. காலையிலேயே ஒன்றாம் எண் எச்சரிக்கை ஏற்றிவிட்டார்கள். மானாங் சபேல் ஏணியின் மேல் நின்று நைலான் கயிற்றைத் தென்னங்கட்டையில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்குப் பிறந்த கடைக்குட்டி மிக்கா கீழே மணலில் உட்கார்ந்து வாழைப்பழத் தோலைத் தின்னப் பார்த்தது. மிக்காவுக்கு டெல்ஃபின்தான் ஞானத் தகப்பன்.

"சாப்டீங்களா சார்?" என்றாள் சபேல் மேலேயிருந்து.

"ஆச்சு மானாங். 417-ஐப் பாக்கணும்."

சபேல் உதட்டைக் குவித்துக் கடல் பக்கம் நீட்டினாள். "தண்ணி ஏறிக் கெடக்கு. ரெண்டு மணிக்குத்தான் வத்தும். அவிச்ச வாழப்பழம் இருக்கு, மொதல்ல உக்காந்து தின்னுங்க."

அவள் இறங்கிவரவில்லை. கண்ணைப் பார்த்தும் பேசவில்லை. டெல்ஃபின் உட்காரப் பிடிக்காமல் கோவிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். கோவில் என்றால் பத்துப் பேர் நிற்கக்கூடிய தகரக் கூரை போட்ட சின்ன ஜெபக்கூடம். அதன் பின்சுவர் நிழலில் கறுப்புப் பைகளில் கண்டல் கன்றுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நூறு, இருநூறு இல்லை, சுவர் நீளத்துக்கும் இருந்தன. எல்லாம் முழங்கால் உயரம். எல்லாவற்றிலும் நான்கு நான்கு இலைகள். முதல் வரிசையில் மூன்று பைகளைத் தனியாக ஓலை மூடி வைத்திருந்தார்கள். அந்த மூன்றிலும் சுண்ணாம்பால் எழுதியிருந்த எண் 417.

பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்கும் சத்தம். சங்கத்தின் வாயாடி லுசிங் தண்ணீர் வாளியோடு நின்றிருந்தாள். சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் சபேலும் வந்து சேர்ந்தாள்.

"இது என்ன?" என்றான் டெல்ஃபின்.

"உங்க மரம் சார்," என்றாள் சபேல். "பேப்பர்ல வந்த மரமாச்சே. அதுக்கு மட்டும் எப்பவும் மூணு கையிருப்பு வெச்சிருப்போம்."

"எத்தனை தடவை மாத்தியிருக்கீங்க?"

"பதினொண்ணு இருக்கும்."

"பன்னண்டு மானாங்," என்றாள் லுசிங். அவளுக்குக் கணக்கு தப்பினால் பொறுக்காது. "போன மாசம் வெச்சதுக்கு அஞ்சு எல இருந்துச்சு சார். பழசுக்கு நாலுதானே? நான்தான் ஒண்ணக் கிள்ளிப் போட்டேன்."

டெல்ஃபின் ஜெபக்கூடத்துப் படியில் உட்கார்ந்தான். உள்ளே மாதா சிலையைப் புயலுக்காக பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருந்தார்கள். ஒன்பதாயிரத்தில் எத்தனை நிஜமாக நிற்கிறது என்று கேட்டான். ஓடை வந்து கடலில் விழும் மூலையில் ஒரு அறுநூறு பிழைத்துவிட்டதாம். மற்றதெல்லாம் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். குச்சி முழுக்கச் சிப்பி அப்பிக்கொள்ளும், அலை ஆட்டி ஆட்டி வேரைப் பிடுங்கும். செத்ததைப் பிடுங்கிவிட்டு, அதே உயரத்தில், அதே சாயலில் ஒன்றைத் தேடிப் பிடித்து நட்டு, அதே வில்லையைக் கட்டிவிடுவார்கள். புதிதாக நடுவதைவிட இது பெரிய வேலை. பெண்கள் விடியும் முன்னே எழுந்து செய்திருக்கிறார்கள்.

"ஏன் மானாங் என்கிட்ட சொல்லல?"

சபேல் சுவரில் சாய்ந்து நின்றாள். "மொத மாசம் நாப்பது செத்துச்சு. சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்குன்னு பாத்து நீங்க வெள்ளக்காரங்கள கூட்டிட்டு வந்துட்டீங்க. அவங்க முன்னாடி உங்கள எப்படி தலைகுனிய வெக்கிறது? சரி, அடுத்த மாசம் சொல்லலாம்னா, மிக்காவுக்கு ஞானஸ்நானம் வந்துச்சு. எம் புள்ளைக்கு ஞானத் தகப்பனாயி நீங்க எனக்கு கும்பாரே ஆயிட்டீங்க, ஒறவாயிட்டீங்க. கும்பாரேகிட்ட போயி உன் மரமெல்லாம் செத்துப்போச்சுன்னு எந்த வாயால சொல்றது?" சுவரிலிருந்து நிமிர்ந்து, "கூலியும்தான்," என்றாள். "அதையும் மறைக்க வேணாம். முப்பத்தோரு வீட்ல அடுப்பு எரியுது."

"அழிக்க முடியாத பதிவுல பதினாலு மாசமாப் பொய் எழுதியிருக்கோம். புரியுதா உங்களுக்கு?"

"பொய்யா?" சபேலுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "எது சார் பொய்? படம் எடுத்தப்ப ஒவ்வொண்ணும் உயிரோடதான் நின்னுச்சு. செத்த குச்சி முன்னாடி நின்னு ஒரு தடவ கூட நாங்க அமுக்கல. மாதா மேல சத்தியம்."

யாரும் பொய் சொல்ல முடியாத ஒன்றை அவன் செய்திருந்தான். யாரும் பொய் சொல்லவும் இல்லை.

டெட்டாவைக் கூப்பிட்டான். எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் அழுகிறாளோ என்று பயந்தான். அவள் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, புயல் நாளைக்குச் சாயங்காலம் உங்க பக்கம்தான் கரையேறுது. ஒப்பந்தத்துல பதினாறாவது பிரிவு, இயற்கைச் சீற்றத்துல அழிஞ்சா கம்பெனி பொறுப்பில்ல, மறுபடி நட இன்னொரு வருஷம் அவகாசம். திங்கக்கிழமைக்குள்ள சிங்கப்பூருக்கு பதில் குடுத்தாப் போதும். சனிக்கிழம எல்லாத்தையும் 'புயல்'னு போடு. முடிஞ்சது."

"வளரலையேன்னு கேக்குறானே?"

"வளராத கன்னும் புயல்ல போகும்ல? செத்ததுக்கப்புறம் உயரத்த யாரு அளக்கப் போறா? உண்மையச் சொன்னா கம்பெனி இல்லண்ணா. நீ, நான், அந்த முப்பத்தோரு பேரு, எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நல்லா யோசி."

யோசிக்க என்ன இருக்கிறது? டெல்ஃபின் வந்து சபேலிடம் சொன்னான். அவள் புருவம் உயர்ந்தது. லுசிங் கையைத் தட்டினாள். "இத நான் ஆறு மாசம் முன்னாடியே சொன்னேன், ஒரு நல்ல புயல் வந்தா எல்லாம் சரியாயிடும்னு! வருஷத்துக்கு இருபது வருது, ஒண்ணாச்சும் நமக்கு உபகாரம் பண்ணட்டும்." எல்லாரும் சிரித்தார்கள். டெல்ஃபினும் சிரித்தான். அவிச்ச வாழைப்பழத்தை உப்பிட்டு ஊறவைத்த இறாலில் தொட்டு நான்கு தின்றான்.

பிறகு சும்மா இருக்க முடியாமல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சபேலுக்குக் கயிறு கட்ட உதவினான். அவள் கணவன் மீன்பிடிக் கப்பலில் பலாவான் தீவுப் பக்கம் போயிருந்தான். பழைய டயர்களைக் கூரையில் ஏற்றினார்கள். அரிசி டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டினார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ், நிலக் காகிதம், இறந்துபோன மாமனாரின் படம் மூன்றையும் ஒரு மாவுப் பையில் போட்டுச் சபேல் வாசலில் தொங்கவிட்டாள், ஓட வேண்டி வந்தால் கைக்கு வரட்டும் என்று. இடையிடையே டெல்ஃபின் கைப்பேசியில் புயலின் பாதையைப் பார்த்தான். பன்னிரண்டு மணிக்கு நேர் கோடு. பன்னிரண்டரைக்கும் நேர் கோடு. ஒரு மணிக்குக் கோடு லேசாக வடக்கே வளைந்திருந்தது.

"ச்சே," என்றான்.

"என்ன சார்?" சபேல் ஏணியிலிருந்து கேட்டாள்.

"புயல் வடக்க திரும்புதாம். நமக்கு வெறும் மழை மட்டும்தான் போலிருக்கு."

"மாதாவே!" சபேல் கயிற்றை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அண்டை வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "திரும்பிடுச்சாம்டீ! வடக்க போகுதாம்!" அந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சத்தம் போனது.

டெல்ஃபின் கைப்பேசியைப் பிடித்தபடியே நின்றான். தன் வாயிலிருந்து வந்தது என்ன சொல் என்று அவனுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. மிக்கா வந்து அவன் பாதத்தின் மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டிருந்தது. வாசலில் மாவுப் பை ஆடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து தன் கையாலேயே இந்தக் கூரையை இறுக்கிக் கட்டிவிட்டு, இதன் மேல் புயல் வந்து விழ வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு கூசியது. வடக்கேயும் வீடுகள் இருக்கின்றன, அங்கேயும் யாரோ இந்நேரம் ஏணியில் நிற்பார்கள். புயல் இங்கே வராததில் அவனுக்கு மட்டும்தான் வருத்தம்.

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். "மானாங், ரெண்டு மணிக்கு வத்தும்ல? எறங்கி வாங்க. போலாம்."

"எங்க?"

"மரத்துக்கு. செத்ததைச் செத்ததுன்னு எழுதிடலாம்."

சபேல் மெதுவாக இறங்கி வந்தாள். குழந்தையை வாங்கி லுசிங்கிடம் கொடுத்தாள்.

"புயலு வரலேன்னா என்ன? மழை வருதுல்ல? மழைன்னு போடுவோமே."

"வேணாம் மானாங்."

"நீங்க போட்டுக்குங்க. நான் அமுக்க மாட்டேன்."

சபேல் மாட்டேன் என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. இரண்டு பேர் கை வைத்தால்தான் சாவுப் பதிவு ஏறும், கன்றின் பொறுப்பில் இருப்பவள் ஒன்று, கம்பெனி ஒன்று. அதை அப்படி அமைத்தவன் அவன்தான். அவள் இல்லாமல் அவன் எழுத முடியாது.

"கும்பாரே," என்றாள் சபேல். 'சார்' என்பதை விட்டுவிட்டாள். "பதினாலு மாசம் இந்தக் கட்ட விரலால உயிரோட, உயிரோடன்னு வெச்சிருக்கேன். இப்ப செத்துப்போச்சுன்னு வெச்சா பாக்குறவன் என்ன நெனப்பான்? இந்த சபேல் பொய்க்காரின்னுதானே? அழிக்கவும் முடியாதுங்குறீங்க. மிக்கா பெரியவளாயி பாப்பா. அவ புள்ளைங்க பாக்கும். உங்களுக்குக் கம்பெனி போனா இன்னொரு கம்பெனி. எனக்கு இந்தப் பேரு ஒண்ணுதான்."

அவள் சொன்னது முழுக்க நியாயம். டெல்ஃபினுக்கு அது தெரிந்தது. "சரி, கூட மட்டும் வாங்க," என்றான்.

தண்ணீர் வற்றிச் சேறு மின்னியது. வானம் ஈயப் பாத்திரம் போல இருந்தது, காற்றில்லை. ஒன்பதாயிரம் குச்சிகள் நேர் நேராக நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் காடு ஒன்று வரப்போகிற மாதிரிதான் இருக்கும். கிட்டே போனதும், போன வாரம் வைத்தது எது, போன மாதம் வைத்தது எது என்று அவனுக்கே பிரித்துச் சொல்ல முடிந்தது. வரிசைகளுக்கு நடுவே பெண்கள் நடந்து நடந்து கடற்புல் மசிந்து சேறோடு சேறாகிக் கிடந்தது. 417 மூன்றாவது வரிசையில் இருந்தது. இலைகள் மஞ்சளாகி ஒன்று விழுந்திருந்தது. டெல்ஃபின் இரண்டு விரலால் இழுத்தான். தடையே இல்லாமல் கையோடு வந்தது.

கைப்பேசியைத் திறந்து 'இறந்தது' என்பதை அமுக்கினான். காரணம் கேட்டது. புயல், விலங்கு, திருட்டு, நோய். நான்கையும் எழுதிக் கொடுத்தவன் அவன்தான். அன்றைக்கு இவ்வளவுதான் தோன்றியது. கடைசியில் 'வேறு' என்று ஒன்று இருந்தது, அதற்குக் கீழே எழுத இடமும் இருந்தது. சேற்று விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு அவன் எழுதினான். நேரம் பிடித்தது. சபேல் அந்தப் பக்கம் திரும்பி ஓடை வாயைப் பார்த்தபடி நின்றாள்.

எழுதி முடித்து அவளிடம் நீட்டினான். "படிச்சுப் பாருங்க. புடிக்கலேன்னா அமுக்க வேணாம்."

சபேல் கைப்பேசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்துப் படித்தாள். இது கண்டல் நிற்கும் இடம் அல்ல. இங்கே நடச் சொன்னவன் டெல்ஃபின் அபுயன். செத்தவற்றுக்குப் பதில் வேறு நட்டது தெரியாமல் இருந்தவனும் அவன்தான். இங்கே கண்டல் நின்றதில்லை என்று முதல் நாள் கூட்டத்திலேயே சபேல் சொன்னாள். டெல்ஃபின் கேட்கவில்லை.

இரண்டாம் முறையும் படித்தாள். தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"நான் அன்னிக்குக் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"பன்னி வறுவல் வந்தப்பதான் கேட்டீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். "இதையும் அழிக்க முடியாதா?"

"முடியாது."

"பிஷப் வந்தா?"

"வந்தாலும்தான்."

"பங்குப் பதிவேட்டுல ஆளு செத்துட்டா ஓரத்துல ஒரு சிலுவை போடுவாங்க," என்றாள் சபேல். "பேர அடிக்க மாட்டாங்க." கட்டைவிரலைப் பாவாடையில் நன்றாகத் துடைத்தாள். வைத்தாள். கைப்பேசி ணங் என்றது. வரைபடத்தில் ஒன்பதாயிரம் பச்சைக்கு நடுவில் ஒரு புள்ளி சாம்பல் நிறமானது.

418 லுசிங்குடையது. அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே சேற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர், என்ன நடக்கிறது என்று தெரியாமல் பாவாடையைத் தூக்கிச் செருகியபடி வந்தார்கள். "என்ன மானாங், யார் செத்தா?" என்று லுசிங் தூரத்திலிருந்தே கத்தினாள். சபேல் பதில் சொல்லாமல் 418-ஐப் பிடுங்கி, வில்லையை அவிழ்த்துப் பையில் போட்டாள்.

ஏழாவது புள்ளி சாம்பலானபோது டெல்ஃபினின் கைப்பேசி அதிரத் தொடங்கியது. டெட்டாதான். அது ஓய்ந்ததும் சிங்கப்பூர் எண் வந்தது. அவன் இரண்டு கையிலும் சேறு. பெண்கள் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்கள்.

ஓடை வாய்ப் பக்கம் தண்ணீர் திரும்பிவிட்டது. விரல் தடிமனுக்கு ஒரு தகடு போலச் சேற்றின் மேல் ஏறி, பிடுங்கிய குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தது. சபேல் 424 இருந்த குழியைக் குனிந்து பார்த்தாள். உள்ளே கையை விட்டு எதையோ தோண்டி எடுத்தாள். தண்ணீரில் அலசினாள். பெருவிரல் அளவில் ஒரு சிப்பி, உயிரோடு இறுக மூடிக்கொண்டிருந்தது. அதை வில்லைகள் இருந்த பையிலேயே போட்டுவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்தாள். கைப்பேசி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.